நாங்கள் தங்கியது ராயபுரத்தில்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, பேனாவை எடுத்து, மூடி வைத்து, இப்படியே வருஷங்கள் போய்விட்டன. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவள். எழுத வராது என்பது ஒரு சாக்குதான். என் நாத்தனார் உயிரோடு இருக்கும்வரை அவர் மனம் நோகுமே என்றிருந்தேன். அவர் போன பிறகு, போனவரைப் பற்றி எழுதலாமா என்றிருந்தேன். உண்மையில், அவரைச் சாக்கு வைத்து நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்து சமணக் குடும்பம். நயினார் வீடு என்பார்கள். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே அந்த விரதம் எடுத்தவர், பொழுது இறங்கிவிட்டால் தண்ணீர்கூடத் தொட மாட்டார். எண்பதுகளில் ஒரு வருஷம், களத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மிஷினிலிருந்து ஓடு தெறித்து அவருடைய வலது கண்ணில் பட்டது. விழுப்புரத்து டாக்டர் பார்த்துவிட்டு, மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தினமும் கட்டு மாற்ற வேண்டும், படுக்கை கிடைக்காது, வெளியில்தான் தங்க வேண்டும் என்றார். மாத்திரை சூடு அதிகம், வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, இல்லையென்றால் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார்.

மதராஸில் எந்தப் பேட்டையில் தங்குவது? நேரத்தோடு சாப்பாடு கிடைக்கிற இடமாக இருந்தால்தான் கண்ணும் பிழைக்கும், விரதமும் பிழைக்கும். எதிர்வீட்டு ரெட்டியார் மகள் அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, திரும்பிப் போகிற சமயம். அவள் புருஷனுக்கு ஹார்பரில் மூட்டை இறக்குகிற வேலை. ராயபுரத்தில் மீன்காரர்கள் இருக்கிற சந்தில் குடியிருந்தார்கள்.

"எங்க ஊட்டுக்கு வாங்க மாமா. ஒரே பஸ்ஸு, ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிடுவான்" என்றாள்.

என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா, புருஷனை இழந்து எங்களோடு இருந்தவர், நான் வாய் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார். "எங்களுக்கு அதெல்லாம் ஒத்துக்காதும்மா. சௌகார்பேட்டையில நம்ம சனம் இருக்குது, கோயில் இருக்குது, சத்திரம் இருக்குது. பொழுதோட சாப்பாடு போடுவாங்க. மீன் கவுச்சியில உக்காந்துகினு சாமி கும்புட முடியுமா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி பெரியம்மா. அங்க ஒத்துக்கலன்னா இங்க வந்துடுங்க. பாலத்தத் தாண்டி ரெண்டாவது சந்து, மாவு மிஷினுக்குப் பின்னால" என்று, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

பாசஞ்சர் வண்டி தாமதம். சௌகார்பேட்டைச் சத்திரத்து வாசலை நாங்கள் கண்டுபிடித்தபோது வெயில் மாடிச் சுவரில் மட்டும் இருந்தது. உள்ளே நெய் வாசனை வந்தது. வாசலில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். கண்டாங்கிப் புடவை, தகரப் பெட்டி, கண்ணில் கட்டோடு ஒரு மனிதர்.

"நாங்களும் ஜெயின்தாங்க. செஞ்சிப் பக்கம்" என்றார் நாத்தனார்.

"தமிள் ஆளுங்க ஜெயின் எப்பிடி ஆகும்? யார்னா சேட்டு சீட்டு குடுத்தாங்களா?"

எங்களிடம் சீட்டு எதுவும் இல்லை. நாத்தனார் செருப்பைக் கழற்றினார். அந்தத் தெருவிலேயே கை கூப்பி, கண் மூடி, எல்லாச் சமணரும் சொல்கிற பஞ்ச நமஸ்கார மந்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். போகிற வருகிற ஜனம் நின்று பார்த்தது. அவர் தெருவில் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றுதான் கேட்டேன்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "மந்திரம் யார் வேணா மனப்பாடம் பண்லாம், மாஜி."

ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கதவைத் திறந்தவள் முதலில் எங்கள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்தாள். "ஐயோ, பொழுது போய்டுச்சே பெரியம்மா" என்றாள். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. ஏன் இங்கே வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. பாயை உதறி விரித்தாள். அந்த ஊரில் எங்களை உபசரிக்காமல் விடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

விடிந்து பார்த்தால், மீன் சட்டியும் அரிவாள்மனையும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தன. புதுச்சட்டி இரண்டு அடுப்பின்மேல் இருந்தது. நாங்கள் இருந்த நாளெல்லாம் அவள் புருஷன் வெளியே சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். சாயந்திரமானால் அவளுக்கு ஓட்டம்தான். குழந்தை அழுதாலும் தூக்க மாட்டாள், அடுப்பைவிட்டு நகர மாட்டாள்.

ஒருநாள் மீன்கூடையோடு வந்த பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னாடி, தினம் வெளிச்சத்துலயே ஜல்தி ஜல்தியா பந்தி போடற? எதுனா கல்யாணமா?" என்றாள்.

"ஆமா, எங்க மாமாவுக்கு ரெண்டாங்கல்யாணம். பொண்ணு கெடைக்கல, நீ வர்றியா?"

"ஒத்தக் கண்ணு மாப்ளைக்கா? என் அழகு தெரியாதேடி அவருக்கு!"

என் வீட்டுக்காரர் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

இன்னொரு நாள் ஆஸ்பத்திரியில் நேரமாகி, பஸ்ஸும் வழியில் நின்று நின்று வந்தது. மேற்கே சிவப்பு ஏறிவிட்டது. அன்றைக்கு அவர் பட்டினிதான் என்று நினைத்துக்கொண்டே இறங்கினால், ஸ்டாப்பிலேயே அவள் நிற்கிறாள், கையில் டிபன் கேரியர், இடுப்பில் குழந்தை. "உக்காருங்க மாமா, இன்னும் இருக்குது பொழுது" என்று நடைபாதையில் முந்தானையால் துடைத்து இடம் போட்டாள். எந்த வீட்டிலும் கை நனைக்க யோசிக்கிற என் நாத்தனார், ராயபுரம் நடைபாதையில், மீன் லாரி போகிற ஓரத்தில் உட்கார்ந்து அவள் பிசைந்து கொடுத்த சாதத்தைச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரரின் கண் அந்தச் சாப்பாட்டில்தான் பிழைத்தது. பகவான் அருள்தான். அது அவள் கை வழியாக வந்தது.

ஊர் திரும்பினோம். ஜினாலயத்தில் பூஜை முடிந்து வெளியே வந்ததும் எங்கள் சனப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க தங்கினீங்க? சாப்பாட்டுக்கு என்னா பண்ணீங்க?"

நாத்தனார் கொஞ்சமும் தயங்கவில்லை. "சௌகார்பேட்டையிலதான். நம்ம சத்திரத்துல. நம்மவங்கன்னு சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டு உள்ள கூட்டினு போனாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். இதுதான் நான் செய்தது. மீன் சந்தில் சாப்பிட்டோம் என்று சொல்ல ஒரு வெட்கம். நம்மவர் வாசலிலேயே நம்மை நம்பவில்லை என்று சொல்ல அதைவிடப் பெரிய வெட்கம். இரண்டையும் மூட அந்த ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது.

தை மாதம் அவள் தாய்வீடு வந்தாள். குழாயடியில் நாத்தனாரும் நானும் குடத்தோடு நின்றிருந்தோம். ஒருத்தி அவளிடம், "ஏம்மா, நீ அவ்ளோ கூப்ட்டும் இவங்க உன் ஊட்டுப் பக்கமே வரலையாமே? சௌகார்பேட்டையிலயே தங்கிட்டாங்களாமே?" என்று கேட்டாள்.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட இருக்காது.

"ஆமாக்கா. எங்க ஊடு கவுச்சி புடிச்ச ஊடு, அதுல இவங்க எப்பிடி தங்குவாங்க? அங்கதான் இவங்களுக்கு எல்லாம் வசதி. நானே ஒரு தபா போய் மாமாவப் பாத்துட்டு வந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு, நாத்தனாரின் நிறைகுடத்தைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று நாத்தனார் பகலிலும் சாப்பிடவில்லை. அதன்பின் சாகும்வரை அவரும் நானும் மதராஸ் என்ற பேச்சையே எடுத்ததில்லை.

வருஷத்துக்கு ஒருநாள் விரதம் முடிந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் எறும்பு, புழு, புல் பூண்டு வரைக்கும் எல்லா உயிரிடமும் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நானும் தவறாமல் கேட்டிருக்கிறேன். புழுவிடம் கேட்க முடிந்த எனக்கு, தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போக முடிந்ததில்லை. பிறகு அந்த வீட்டையும் விற்றுவிட்டார்கள்.

இப்போது திண்டிவனத்தில் மகனோடு இருக்கிறேன். சென்னைக்குப் போக வேண்டுமென்றால் அவன் போனில் தேய்த்துப் பார்க்கிறான். எந்த ஏரியா, பக்கத்தில் சைவ ஓட்டல் உண்டா, ரூம் சுத்தமா, எல்லாம் அதிலேயே தெரிகிறதாம். போன மாசம், "நீங்க அப்பாவக் கூட்டினு போனப்ப சௌகார்பேட்டையிலதானம்மா தங்கினீங்க?" என்று கேட்டான். பெற்ற பிள்ளையே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், எங்கள் மானத்துக்காக ஊர்ப்பெயரை மாற்றவும் வேண்டாம். நாங்கள் தங்கியது ராயபுரத்தில், பாலத்தைத் தாண்டி ரெண்டாவது சந்தில், எதிர்வீட்டுப் பெண்ணின் வீட்டில்.