கவுஞ்சியில் கிளாண்ட் மாற்றிய நாள்

வத்தலக்குண்டில் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். மலைமேல் இருக்கும் கவுஞ்சியில் கேரட் கழுவும் கூடம் வைத்திருப்பவர் எங்களை அழைத்தபோது, கேரட்டை நகர்த்தும் பெல்ட் சொன்னபடி நிற்கவில்லை என்று மட்டும்தான் சொன்னார். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அதில் இரண்டு விரல்கள் போய்விட்டன என்பது, நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நின்றிருந்த பெல்ட்டில் சிக்கிய தழையை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். பெல்ட் திடீரென்று ஓடி, கையை உருளைக்குள் இழுத்துவிட்டது. அப்போது சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவர் அவளுடைய சொந்த அண்ணன். அவர்தான் கவனமில்லாமல் பொத்தானை அழுத்திவிட்டார் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. தங்கை அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். உரிமையாளர் அவரை மெஷின் பக்கம் விடாமல் மூட்டை ஏற்ற அனுப்பியிருந்தார்.

நான் அவரைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டேன். 

"நான் தொடலைங்க மேடம். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை என் கைதான் பட்டுருச்சோன்னு இப்ப எனக்கே தோணுதுங்க."

அதன் பிறகு பேனலைத் திறக்க எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. அவர் அழுத்தியதுதான் உண்மை என்று தெரிந்துவிட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன்.

கேரட் கழுவும் பெரிய டிரம்மின் வேகத்தை டிரைவ் என்ற மின்கருவி கட்டுப்படுத்துகிறது. அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் சுற்றிலும் காதுக்குக் கேட்காத மின் இரைச்சலைக் கிளப்பும். அதை உள்ளேயே அடக்கி வைக்கத்தான் கேபிளைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிகளால் ஒரு வலை பின்னியிருப்பார்கள். கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிப்பது கிளாண்ட். அந்த வலை கிளாண்டைச் சுற்றிலும் தொட்டு, கிளாண்ட் பேனலின் இரும்பைத் தொட்டால்தான் இரைச்சல் பூமிக்குப் போகும். இங்கே மாட்டியிருந்ததோ பிளாஸ்டிக் கிளாண்ட். வலையை வெட்டி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். பெல்ட்டின் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரும் அதே கேபிளோடு ஒட்டியே ஓடியது. இரைச்சல் அந்த ஒயரில் ஏறினால், யாரோ பொத்தானை அழுத்தியது போலவே பெல்ட் ஓடிவிடும்.

எல்லோரையும் பெல்ட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். உரிமையாளரிடம் தங்கையையும் வரவழைக்கச் சொன்னேன். அவள் கட்டுப்போட்ட கையைச் சேலைக்குள் மறைத்தபடி வாசலில் நின்றாள். அண்ணன் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார். டிரம்மை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டோம். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. உரிமையாளர் பொறுமை இழந்து என்னைப் பார்த்தார். டிரம்மை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொன்னேன். வேகம் ஏறும்போது, யாரும் தொடாத பெல்ட் ஒரு முழம் ஓடி நின்றது.

அண்ணன் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தார். தங்கை பெல்ட்டைப் பார்த்தாள்; அவரைப் பார்த்தாள்; திரும்பி வெளியே போய்விட்டாள்.

மறுநாள் பித்தளைக் கிளாண்டுகளோடு மறுபடி மலையேறினேன். கேபிளின் பருமனை அளந்து அதற்கேற்ற அளவில் எடுத்திருந்தேன். பெரிதாக இருந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் வலையைப் பிடிக்காது, ஈரமும் உள்ளே போகும். கிளாண்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவந்தேன். மோட்டார் பக்கத்திலும் அதே வேலை. சுவிட்ச் ஒயரைப் பிரித்து வேறு வழியாக இழுத்தோம். பெல்ட்டின் பக்கத்திலேயே, அணைத்துப் பூட்டக்கூடிய தனி சுவிட்ச் ஒன்றும் வைத்தேன். இது முதலிலேயே இருந்திருந்தால் அவள் விரல்கள் இருந்திருக்கும் என்று உரிமையாளரிடம் நேராகவே சொன்னேன்.

டிரம்மை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். பெல்ட் அசையவில்லை.

சாயங்காலம் தங்கை தானாகவே வந்தாள். இனிமேல் அசையாதா என்று கேட்டாள். எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், இந்தச் சுவிட்சை அணைத்துப் பூட்டாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, பூட்டும் விதத்தைக் காட்டினேன். இடது கையால் ஒருமுறை செய்து பார்த்தாள். பிறகு வெளியே லாரி அருகில் நின்ற அண்ணனிடம் போனாள்.

"சோலி முடிஞ்சுதுன்னா வா. வெரசா வீட்டுக்குப் போவோம். உனக்கும் சேத்துதான் ஒல வச்சிருக்கேன்."

அவர் தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சில மாதம் கழித்து வேறு வேலைக்காகப் போனபோது விசாரித்தேன். தங்கை இப்போது கேரட் தரம் பிரிக்கும் மேசையில் இருக்கிறாள். அண்ணனைப் பழைய இடத்துக்கு வரச் சொல்லி உரிமையாளர் எத்தனையோ முறை கேட்டுவிட்டாராம். அவர் இன்னமும் மூட்டைதான் ஏற்றுகிறார்.