வண்டிக்கு முதலில் என்ன போடுவது

எங்கள் வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் சோறு வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இது முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிவந்து வாசலில் நிறுத்திய சாயங்காலமே ஆரம்பித்தது. வண்டிக்கு முதலில் என்ன போடுவது என்பதுதான் வழக்கு. வாங்கியதிலேயே கையிருப்பு கரைந்துவிட்டது. மிச்சத்தில் ஒன்றிரண்டு வேலை பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் மனசிலோ ஒரு ஷோரூமே ஓடிக்கொண்டிருந்தது.

"முன்னால கம்பி பம்பரு. மேல நீளமா லைட்டு. வண்டிய ஒரடி தூக்கிப் பெரிய டயரு. பாக்குறவன் மிரளணும் புள்ள."

"யாரு மிரளணும்? ஏலச்செடியா?" என்றேன்.

கேரளத்து வண்டன்மேட்டைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைமுகட்டில் சின்னதாக ஓர் ஏலக்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். நான் தாவணி போட்ட காலத்திலிருந்து பிறர் காட்டில் காய் எடுத்தவள். அவர் பிறர் ஜீப்பை ஓட்டியவர். எங்களுக்கென்று ஒரு காடு கிடைத்ததில் இரண்டு பேருக்குமே தலைகால் புரியவில்லை. ஆனால் காட்டுக்குப் போகிற பாதை இருக்கிறதே, அது பாதையே இல்லை. மழை வந்தால் ஓடை, வெயில் வந்தால் பாறை.

எடுத்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோரில் சேர்த்துவிட வேண்டும். காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். மூட்டையிலேயே ஓர் இரவு கிடந்தால் காய் புழுங்கும், பச்சை நிறம் போய் வெளுக்கும். போன வருஷம் வாடகை ஜீப்புக்காரர் மழையைக் காரணம் காட்டி மறுநாள் மத்தியானம் ஆடி அசைந்து வந்தார். மூட்டைக்குள் கையை விட்டால் அடுப்படி மாதிரி சூடு. விற்க ஏலத்துக்குக் கொண்டுபோனபோது எங்கள் காயைக் கையில் அள்ளிப் பார்த்தவர்கள் எல்லாம் அப்படியே கீழே விட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்கள். இந்த வருஷமும் அப்படி ஆனால் குத்தகையை விட்டுவிட்டு மறுபடி பிறர் காட்டுக்குத்தான் போக வேண்டும். வண்டி வாங்கியதே அதற்காகத்தான்.

அதைப் போய்ப் பாலக்காட்டுச் சமவெளியில் கொல்லங்கோட்டில் ஒரு நெல் விவசாயியிடம் வாங்கினார் மனுஷன். நானும் கூடப் போயிருந்தேன். விற்றவர் வண்டியைத் தடவித் தடவிச் சொன்னார்: "தங்கமான வண்டிங்க. நாலு சக்கரமும் இழுக்குமுங்க. ஆனா ஒரு நாளும் அதப் போட்டதில்லீங்க. நம்மூர்ல மேடே இல்லீங்களே!" இவர் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோனார். மேடே பார்க்காத வண்டியை மலைக்கு ஓட்டிவருகிறோமே என்று எனக்குத்தான் உறுத்தியது. டயரைப் பார்த்தேன். அரைத்துத் தேய்ந்த அம்மி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"மொதல்ல டயரு," என்றேன் நான். "மொதல்ல லைட்டு," என்றார் அவர். டீக்கடைக்குப் போனால் அங்கே ஆளுக்கொரு யோசனை. சேற்றில் புதைந்தால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள விஞ்ச் மாட்டு என்றார் ஒருவர். ஆற்றில் இறங்கினாலும் என்ஜின் மூச்சு விட ஒரு குழாய் மாட்டு என்றார் இன்னொருவர். எங்கள் வழியில் ஆறே கிடையாது! இருந்தாலும் இவர் அந்தக் குழாயைப் பற்றி இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வண்டியை மெக்கானிக் சேட்டனிடம் கொண்டுபோனோம். அவர் மலையாளி. எங்களோடு பேசும்போது மட்டும் தமிழை இழுத்து வைத்துக்கொள்வார். சக்கரத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவர், எங்கள் இரண்டு கட்சியையும் ஒரே அடியாகத் தள்ளுபடி செய்தார்.

"ஆத்யம் பிரேக்கு. ஏறலைன்னா வழியில நிக்கும், சாரமில்ல. நிக்கலைன்னா கொக்கயில கிடக்கும்."

சாரமில்ல என்றால் பரவாயில்லை; கொக்கை என்றால் அதலபாதாளம். எங்கள் பாதையில் அது ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. பிரேக் வேலை முடிந்தது. போடாமலே கிடந்து இறுகிப்போன நாலு சக்கர இழுவையைச் சரிசெய்யக் காசு போதாது, பின்சக்கரம் மட்டும் இழுக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அடுத்து டயர். பெரிய அளவு போட்டால் வளைக்கும்போது மட்கார்டில் உரசும், இழுவையும் குறையும் என்று சேட்டன் சொல்லிவிட்டதால் அதே அளவில், ஆழமாக வெட்டுள்ள மண்சாலை டயர்களைப் பழசில் நல்லதாகப் பார்த்து மாட்டினோம். ஒரு தடித்த கயிறும் முன்னால் ஒரு கொக்கியும் வாங்கினோம். அத்தோடு கை காலி. பம்பரும் இல்லை, லைட்டும் இல்லை.

இவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மறுநாள் பார்க்கிறேன், முன் கண்ணாடியில் பளபளவென்று 'மலையரசன்' என்று ஒட்டியிருக்கிறது!

"இதுக்கு ஏது காசு?"

"அத விடு புள்ள. எழுத்து எப்பிடி இருக்கு?"

எழுத்து நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்வேனா நான்?

முதல் எடுப்புக்கு நாள் பார்த்தோம். முந்தின இரண்டு நாளும் மழை கொட்டியிருந்தது. என்னோடு காய் எடுக்கிற பெண்கள் வழக்கம்போல விடிந்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர், தலையில் பிளாஸ்டிக் படுதா. அதில் மூத்தவரை எல்லோரும் சித்தி என்போம். மலையரசன் அவர்களைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. நான் முன்சீட்டில் மகாராணி மாதிரி கையாட்டினேன்.

அந்தப் பெருமை முதல் வளைவு வரைக்கும்தான். வளைவில் செம்மண் பசையாக நின்றது. வண்டி பாதி ஏறியது, பின்சக்கரம் இரண்டும் சும்மா சுற்றியது, அப்படியே வழுக்கிக் கீழே வந்தது. நான் இறங்கி, வழி சொல்கிறேன் என்று பின்னால் போய் நின்றேன். இவர் மறுபடி முடுக்கினார். தலையிலிருந்து கால் வரை எனக்குச் சேற்று அபிஷேகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. போன வருஷத்து வெளுத்த காய்தான் கண் முன்னால் வந்தது. எங்கள் பணம் முழுக்க அந்த நாலு டயரில் இருந்தது.

இதற்குள் நடந்து வந்தவர்கள் எங்களைப் பிடித்துவிட்டார்கள். கண்ணாடியைப் படித்துவிட்டு அவர்கள் சிரித்த சிரிப்பு மலையெல்லாம் கேட்டிருக்கும்.

"என்ன மலையரசா, சேத்துல குடியிருக்கப் போறியா?"

இவர் வியர்த்து வழிந்து இறங்கினார். பின்தொட்டியைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பின்னால வெயிட்டு இல்ல. அதான் டயரு மண்ணப் புடிக்க மாட்டேங்குது. கல்லு பொறுக்கிப் போடுவோம்," என்றார்.

சித்தி இடுப்பில் கை வைத்து நின்றார். "கல்லு எதுக்குப்பா? நாங்க இத்தன பேரு எதுக்கு இருக்கோம்? ஏறுங்கடி!"

ஒருவரை ஒருவர் தூக்கித் தள்ளி ஏறினார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டு, பின்சக்கரத்துக்கு மேலாகக் குந்தினார்கள். சேற்றோடு சேறாக நான் வெளியே நின்று கத்த, இவர் வண்டியை மெல்ல எடுத்தார். டயர் ஒரு முறை முனகியது. பிறகு மண்ணைக் கவ்விப் பிடித்தது. வளைவு தாண்டி வண்டி மேலே போய்விட்டது, என்னை விட்டுவிட்டு! உள்ளேயிருந்து குலவைச் சத்தம். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே சிரித்ததில் மூச்சு முட்டியது.

"இனிமே எவளாவது எளைச்சா, கூலியப் புடிச்சிருவேன்," என்றார் இவர்.

"மொதல்ல எங்களுக்கு நல்லாச் சோறு போடு," என்றார் சித்தி.

அன்றைக்கு எடுப்பு வேகமாக நடந்தது. நடந்து ஏறிய களைப்பு யாருக்கும் இல்லை. சாயங்காலம் மூட்டைகளை ஏற்றியபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பெண்கள் குறுக்குவழியில் இறங்கிவிட, நானும் அவரும் மட்டும் கனத்த வண்டியோடு இறங்கினோம். ஒரு பக்கம் பாதாளம். சின்ன கியரில், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தார். பிரேக் சொன்ன இடத்தில் நின்றது. நான் மெக்கானிக் சேட்டனின் குலத்தையே மனசுக்குள் வாழ்த்திக்கொண்டு வந்தேன்.

ஸ்டோரில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிட்டோம். அங்கே அடுப்புப் பார்ப்பவர் முதல் மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜில்லுன்னு இருக்கு. இப்பத்தான் எடுத்தீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் பதறிப்போய், "ஏ புள்ள, நல்ல சேதிதான சொல்றாரு," என்கிறார். அது தெரியாமலா அழுகிறேன்! மறுநாள் உலர்ந்து வந்த காயை முந்தானையில் அள்ளி வைத்துக்கொண்டு பார்த்தேன். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. ஏலத்தில் அதைக் கையில் எடுத்தவர்கள் கீழே விடவில்லை.

வண்டிக்கு இன்னும் ஒரு வேலை பார்க்க அந்தக் காய் வழி செய்தது. சரி, லைட்டுக் கதை மறுபடி ஆரம்பிக்கப் போகிறது என்று நான் தயாராக இருந்தேன். இவர் நேராக எடுப்புப் பெண்களிடம் போய், "என்ன போடலாம், நீங்க சொல்லுங்க," என்று கேட்டார். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ஏற ஒரு படி என்றார்கள். வெல்டிங் பட்டறையில் தொட்டியைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் குழாயும், பின்னால் ஒரு படியும் வைத்துக் கொடுத்தார்கள். இடுப்பைக் கட்டிக்கொண்டு போவது முதல் எடுப்போடு முடிந்தது.

கம்பி வைத்த மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பெண்கள் படியில் கால் வைத்து ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்கள். முகட்டை நெருங்கும்போது சித்தி வண்டிக் கூரையில் படபடவென்று தட்டினார். இவர் பயந்துபோய் நிறுத்தினார். நான் தலையை நீட்டி, "என்ன சித்தி, யாராச்சும் விழுந்துட்டாங்களா?" என்று கத்தினேன்.

சித்தி கிழக்கே கையை நீட்டினார். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும், நடுவில் எறும்பு மாதிரி பஸ்களும்.

"இம்புட்டு வருசமா இந்த வழியிலதான ஏறுறேன்," என்றார் சித்தி. "குனிஞ்ச தல நிமிராம ஏறுனதுல, என் கால் வெரலத் தவிர ஒண்ணையும் பாத்ததில்லடி."

நானும் பார்த்ததில்லை. முன்சீட்டை விட்டு இறங்கினேன். சித்தி கை கொடுத்தார். படியில் ஏறி அவர் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.