பட்டுக்கடையின் காலாவதிச் சான்றிதழ்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு இணையதளம் செய்து கொடுத்து, அதைப் பராமரித்தும் வந்தேன். கடையை நடத்துவது ஒரு அக்கா. அவருடைய கணவர் தறிகளைப் பார்த்துக்கொள்வார். கல்லா, வாடிக்கையாளர், சண்டை மூன்றும் அக்காவின் இலாகா. முகூர்த்தம் நிறைந்த ஒரு மாதத்தில், காலையிலேயே போன் செய்தார்.

“ஏம்மா, சிங்கப்பூர்லருந்து ஒரு அம்மா பேசினாங்க. நம்ம கடைய தெறந்தா திருடன் இருக்கான்னு போன்ல வருதாம். காலையிலருந்து இதே மாதிரி போன் வந்துக்கினே இருக்குது.”

என் போனில் திறந்து பார்த்தேன். சிவப்பு எச்சரிக்கை. இணைப்பு பாதுகாப்பானதல்ல, உங்கள் விவரங்களை யாராவது திருடக்கூடும் என்றது.

“சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சுக்கா, அதான்,” என்றேன்.

மறுமுனையில் யாரையோ ஸ்டூலில் ஏறச் சொல்வது கேட்டது. அந்தக் கடைச் சுவரில் அசல் பட்டுக்கான சான்றிதழ்களைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருப்பார்கள்.

“எல்லாத்தையும் எறக்கிப் பாத்துட்டேன். ஒண்ணுக்கும் தேதி முடியல. எவனோ வேணும்னே கிளப்பி விடுறான்.”

நான் சொன்னது சுவரில் இருப்பதில்லை, சர்வரில் இருப்பது என்று விளக்கினேன். தளம் உண்மையிலேயே அவர்களுடையதுதான், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று பிரௌசருக்குக் காட்டுகிற சான்றிதழ் அது.

“அப்போ எங்க கடை கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படிம்மா நல்லா தெறக்குது? பூட்டுப் படம்கூட இருக்குது.”

எனக்கு அதுதான் விளங்கவில்லை. காலாவதியான சான்றிதழை எந்த பிரௌசரும் சும்மா விடாது. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் ஊரான வாலாஜாபாத்தில் பஸ் ஏறினேன்.

கடையில், வேலூரிலிருந்து வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் ஜமக்காளம் முழுக்கப் புடவைகளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப் பார்க்கும் பெரியவர் கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் யாரையும் கைவைக்க விடமாட்டார். நான் ஓரமாக உட்கார்ந்து, என் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழைந்தேன்.

சான்றிதழ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படிதான் வைத்திருந்தேன். ஆனால் சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனம், பாதுகாப்பைப் பலப்படுத்துகிறேன் என்று எண்பதாம் போர்ட் என்கிற வாசலை மூடியிருந்தது. சான்றிதழ் தருகிறவர்கள் அந்த வழியாகத்தான் வந்து சரிபார்ப்பார்கள். வந்து தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் திறக்காததால் போய்விட்டிருந்தார்கள். போர்ட்டைத் திறந்துவிட்டுக் கட்டளை கொடுத்ததும் புதுச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. அப்போதும் போனில் சிவப்பு போகவில்லை. சர்வர் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருந்தது. புதுசை எடுத்துக்கொள்ளும்படி சர்வரை ரீலோட் செய்தேன். போனில் தளம் திறந்தது, லேப்டாப்பிலும் திறந்தது. அக்கா சிங்கப்பூருக்குப் பேசினார். அங்கேயும் திறந்தது.

நான் லேப்டாப்பை மூடப் போனபோது, கல்லாவிலிருந்து பெரியவர் நிதானமாகச் சொன்னார்.

“இங்க போயிடுச்சேம்மா.”

அதுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த அந்த ஒரே கம்ப்யூட்டரில் இப்போது சிவப்புத் திரை. அக்கா என்னைப் பார்த்தார். கல்யாண வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். மணப்பெண்ணின் அத்தை கையிலிருந்த மாம்பழ நிறப் புடவையை மெல்லக் கீழே வைத்தார்.

“ஊரு உலகத்துல எல்லாம் சரியாயிடுச்சு, நம்ம கடைக்குள்ள திருடன் வந்துட்டானா?” என்றார் அக்கா.

பெரியவரிடம் கெஞ்சி, கல்லாவுக்குப் பின்னால் போய் அந்த எச்சரிக்கையை முழுதாகப் படித்தேன். சான்றிதழ் முடிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. இன்னும் தொடங்கவே இல்லை என்றது. திரையின் கீழ் மூலையைப் பார்த்தேன்.

“ஐயா, இதுல தேதி போன மாசத்துல இருக்குது.”

“தெரியும்மா. நான்தான் வெச்சேன்.”

பில் போடும் சாஃப்ட்வேர் இலவசமாக ஒரு மாதம்தான் ஓடுமாம். கெடு நெருங்கும்போதெல்லாம் அவர் தேதியைப் பின்னால் தள்ளிவிடுவாராம்.

“பில்லுல தப்புத் தேதி வராதா?”

“அதுமேல ரப்பர் ஸ்டாம்ப் குத்திடுவேன்.”

அந்தக் கம்ப்யூட்டர் போன மாதத்தில் வாழ்ந்துகொண்டிருந்ததால், பழைய சான்றிதழ் அதற்கு இன்னும் செல்லுபடியாக இருந்தது. நான் வாங்கிய புதுச் சான்றிதழ் அதன் கணக்கில் பிறக்கவே இல்லை. இதை அக்காவுக்குச் சொல்லி முடித்ததும் அவர் கல்லாவைப் பார்த்துத் திரும்பினார்.

“ஏண்ணே, என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“கடைக்கு மிச்சமாவட்டுமேன்னுதான்மா,” என்றார் பெரியவர். உண்மையாகவே மனம் நொந்துபோனார்.

அக்காவின் முன்னிலையில் தேதியைச் சரிசெய்தேன். இணையதளம் பூட்டுப் படத்தோடு திறந்தது. மறுநிமிடமே பில் சாஃப்ட்வேர், கெடு முடிந்தது என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. திரும்பத் திறக்கவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து வேலூர்க்காரர்கள் எல்லாப் புடவைகளையும் முடிவு செய்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் விற்கிறவருக்கு அக்கா போன் போட்டார். சாப்பாட்டுக்கு மேல்தான் வர முடியும் என்றார் அவர். பரணிலிருந்து கார்பன் வைத்த பழைய பில் புத்தகம் ஒன்றை இறக்கினார்கள். பெரியவர் அதைத் தொடவே மாட்டேன் என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“நீதானம்மா நிறுத்தின. நீயே எழுது,” என்றார் அக்கா.

எழுதினேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் அவ்வளவு எழுதியதே இல்லை. முதல் பில்லை மணப்பெண்ணின் அத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னாம்மா, டாக்டர் எழுதுன சீட்டு மாதிரி இருக்குது. இது புடவையா, மருந்தா?”

அதைக் கிழித்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்க்க, மறுபடி எழுதினேன். கார்பனைத் தலைகீழாக வைத்திருந்ததால் நகல் விழவில்லை என்று மூன்றாவது முறையும் எழுத வேண்டியதாயிற்று.

பொழுது சாய்ந்து ஊருக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கை நீட்டினேன். விரலெல்லாம் கார்பன் நீலம். கண்டக்டர் பார்த்துவிட்டு, “சாயப் பட்டறையாம்மா?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர் வேலைங்க,” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.