அழவும் விடாத ஊர்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு, ஊத்துக்கோட்டையைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கல்லூரியிலிருந்து காதலித்த பெண், ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தாள். ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டிலோ, வரும் ஞாயிறு அவளைப் பெண் கேட்டுப் போக அம்மா தயாராகிக்கொண்டிருந்தார். எந்த வாயால் சொல்வது? ஆபீஸ் வேலை என்று பொய் சொன்னேன். "நீ இல்லாட்டி என்ன, நாங்க போய்ப் பேசிட்டு வந்துடறோம்" என்றார். அதற்கும் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மனசு சரியில்லை என்று மட்டும் சொன்னதற்கு, ஆபீஸ் நண்பன் பூட்டிக் கிடந்த தன் ஊர் வீட்டுச் சாவியைக் கொடுத்து, தனியாக வயலில் நட, லேசாகிவிடும் என்றான்.

எங்கே தனியாக நடக்க விட்டார்கள்?

சென்னைப் பக்கமிருந்து வந்து வரப்பில் நின்று நிலத்தை வெறிப்பவன், மனை வாங்க வந்தவன். அந்த ஊர்க் கணக்கு அவ்வளவுதான். முதல் நாளே என் வயதுக்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"இன்னா சார், கிழக்கு பாத்ததா வேணுமா? ரோடு மேலயே கீது."

சும்மா வந்தேன் என்றேன். "சும்மா வந்தேன்றவங்கதான் சார் வாங்குவாங்க" என்று சிரித்தார். நில புரோக்கராம். சொந்த ஊர் ஆவடி முத்தாபுதுப்பேட்டையாம்! எந்த ஆவடியை விட்டு ஓடிவந்தேனோ, அதே ஆவடி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டீக்கடைக்காரர் அவர் பங்குக்குத் தன் நிலத்தைக் காட்டினார். பால் கொண்டுவந்த அம்மாள், "எங்க கொல்லையும் வந்து பாரு தம்பி" என்றார்.

அடுத்த நாள் ஏரிக்கரையை ஒட்டிய தரிசில் உட்கார்ந்து ஒருவழியாக அழ ஆரம்பித்தேன். புரோக்கர் வந்து நின்றார், கையில் டேப்போடு. "சார், இந்த முனைய கொஞ்சம் புட்சிக்கோங்க." அழுதுகொண்டே நானும் வாங்கிப் பிடித்தேன் பாருங்கள்! அவர் மறுமுனையோடு பின்பக்கமாகவே நடந்துபோய், "அம்பதடி வருது சார்!" என்று கத்தினார்.

டேப்பை வீசி எறிந்தேன். "யோவ், மனை வாங்க வரலய்யா! கட்டிக்க இருந்த பொண்ணு என்னை வேணான்னு சொல்லிட்டா. எங்கம்மா அது தெரியாம ஞாயித்துக்கிழமை பொண்ணு கேக்கப் போறாங்க. என்னை அழவாவது விடுய்யா!"

இதை வாய்விட்டு முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"இன்னாபா நீ! அவங்க அங்க போய் அசிங்கப்பட்டு நிக்கப்போறாங்க, நீ இங்க வந்து குந்திகினு கீறியா? ஏறு வண்டில."

அந்த ஊரில் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஏரி மதகுக்குக் கூட்டிப்போய் இறக்கினார். அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் அம்மா அழுதார், இந்தப் பக்கம் நான். நடுவில் புரோக்கரின் போன் அடித்தது. "கஸ்டமரோட கீறேன், அப்பால பேசு" என்று வைத்துவிட்டார்.

இப்போதும் மனை இருக்கிறதென்று போன் செய்து உயிரை எடுக்கிறார், எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் என் துக்கம்தான் பெரிதென்று ஊர் விட்டு ஊர் போனவனுக்கு, அந்தப் பெண் வீட்டு வாசலில் அம்மா தலைகுனிந்து நிற்கப்போவது தோன்றவே இல்லையே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.