“இன்டர்நெட் மாத்துறியளோ, அண்ணை?”

முன்பின் தெரியாதவர் வீட்டுப் போன் மணியைச் சாப்பாட்டு நேரம் பார்த்து அடித்து, “உங்கள் இன்டர்நெட் போதாது” என்று சொல்வதுதான் நான் பார்த்த தொழில். சோறு ஆற ஆற “ஓம், ஓம்” போட்டுத் தப்பியவர்களே, அந்த வேதனையில் பாதி எனக்கும் உண்டு. வன்னியில் போர் முடியும் தறுவாயில் இருந்தபோது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வைலே நகரில், இன்டர்நெட் விற்கும் ஒரு நிறுவனம் தமிழ்ப் பெயர்களாகப் பொறுக்கி ஒரு பட்டியலை என் கையில் தந்தது. எங்கள் ஆட்கள் இரவுபகலாகச் செய்தி பார்க்கிறார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

குணம் அண்ணையின் அவசரம்

ஹோர்சன்ஸில் களஞ்சியசாலையில் வேலை செய்யும் குணம் அண்ணைதான் என் முதல் வாடிக்கையாளர். விலையைச் சொன்னேன், காதில் விழவில்லை. “இரண்டு மடங்கு வேகம்” என்றதும்தான் ஆளுக்கு உயிர் வந்தது. மனிதர் நாட்டுக்காக இப்படித் துடிக்கிறாரே என்று நானும் உருகிப்போனேன். காரணத்தை அவரே சொன்னார்: “கிளிநொச்சி விழுந்திட்டுது எண்டு மச்சான்தான் எனக்கு முதல் சொன்னவன். அடுத்ததை நான் அவனுக்குச் சொல்லவேணும்!”

நடுவில் தொங்கியது

அவருடைய பழைய நிறுவனம் சொன்ன நாளுக்கு முதலே இணைப்பை வெட்டிவிட்டது. எங்கள் இன்டர்நெட் பெட்டியோ போய்ச் சேரவில்லை. நீங்களும் இப்படி நடுவில் தொங்கியிருப்பீர்கள். இவர்களைக் கேட்டால் அவர்களைக் கேள் என்பார்கள், அவர்களைக் கேட்டால் இவர்களை. பாட்டுப் போட்டுக் காக்கவைப்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

குணம் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். மச்சான் வேறு தினமும் அழைத்து, “கேள்விப்பட்டியளே?” என்று உயிரை வாங்குகிறாராம். “செய்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. பின்னேரத்திலை வீட்டிலை மனிசியோடை கதைக்கவேண்டிக் கிடக்கு, தம்பி!”

மலர் அக்காவின் நம்பர்

ஹொல்ஸ்டெப்ரோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மலர் அக்கா முதல் மணியிலேயே எடுத்தார். மூச்சு வாங்கியது. நான் யாரென்று சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. அவருடைய தம்பி வன்னிக்குள் இருந்தார், மாதக்கணக்காகத் தகவல் இல்லை. எங்களிடம் மாறினாலும் பழைய நம்பரையே கொண்டுவரலாம், நடுவில் சில நாள் மட்டும் போன் வேலை செய்யாது என்று நான் பாடம் ஒப்புவித்தேன். “அவனுக்குப் பாடமான நம்பர் இது ஒண்டுதான். அந்த நாளிலை கோல் எடுத்தானெண்டால்? நீங்களும் இனி எடுக்காதேங்கோ, தம்பி. மணி அடிச்சா அவனெண்டு ஓடி வாறன்.”

நல்ல வாடிக்கையாளர்

நான் அழைக்காவிட்டாலும் பக்கத்து மேசை அழைக்கும். பட்டியல் அப்படித்தான் சுற்றும். மலர் அக்காவின் பெயரை அழித்துவிடச் சொல்லி மேலாளர் ஹென்ரிக்கிடம் போனேன், காரணத்தையும் சொன்னேன். ஹென்ரிக் கெட்டவர் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் தன் காசில் சாப்பிடப் பாண் வாங்கி வருகிறவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டபடியே திரையில் மலர் அக்காவின் அழைப்புப் பதிவைப் பார்த்தார். “ஒவ்வொரு தடவையும் முதல் மணியிலேயே எடுக்கிறாரே! இப்படி ஒருவரை எப்படி விடுவது?”

தானாக வந்த விற்பனை

மே மாதத்தில் போர் முடிந்தது. அதற்குள் குணம் அண்ணைக்கு எங்கள் இணைப்பும் வந்திருந்தது. கடைசிச் செய்தியை மச்சானுக்கு முதலில் சொன்னது குணம் அண்ணைதான். சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனிலேயே அழுதார்களாம். அடுத்த வாரம், இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று குறைந்த வேகத்துக்கு மாறிவிட்டார்.

இலையுதிர் காலத்தில் மலர் அக்கா தானாகவே அழைத்தார். இணைப்பை மாற்ற வேண்டுமாம். அவருடைய தம்பி அழைத்துக் கதைத்துவிட்டார் போல என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். பழைய நம்பரைப் பத்திரமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று தொடங்கினேன். இடைமறித்தார். “அது தேவையில்லை, தம்பி. அவனோடை கடைசிவரை இருந்த ஒராள் முகாமிலையிருந்து கோல் எடுத்துச் சொல்லிப்போட்டார். இனி எந்த நம்பரெண்டாலும் பரவாயில்லை.”

அழைக்காமலே வந்த விற்பனை என்று ஹென்ரிக் எனக்குக் கேக் வாங்கித் தந்தார். ஊரார் வீட்டு மணியை அடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று அந்த வருடம் பெயரெடுத்தது இப்படித்தான்.