பூசணம் எது, மச்சம் எது

மில்லர்புரத்தில் நான் வைத்திருக்கும் கடையில் துணிமேல் எது வேண்டுமானாலும் அச்சடித்துத் தருவேன். கிரிக்கெட் டீம் ஜெர்சி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு டீ-ஷர்ட், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கல்யாணத்தில் போட்டுக்கொள்ளும் பனியன், செத்துப்போன நண்பனின் முகம். மங்கிப்போன படத்தைக் கொடுத்துவிட்டு, "பளிச்சுன்னு ஆக்கிருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆளை ஆளாகத் தெரியவைப்பதுதான் என் வேலை. பளிச்சென்று வேண்டுமானால் பாத்திரக்கடைக்குப் போகலாம்.

இந்தத் தை மாதம் எனக்கு வாய்த்த வாடிக்கையாளர் என் அம்மா.

அம்மா இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவள். இளையவள், அதாவது என் சித்தி, பதினெட்டு வயதில் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். நான் அவளைப் பார்த்ததில்லை. வீட்டுச் சுவரில் அவள் படம் உண்டு. தாவணியும் ஒற்றைப் பின்னலுமாக, பல் தெரியச் சிரிக்கிற முகம். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பூ மாறும், தினமும் விளக்கு எரியும். அம்மா சிடுமூஞ்சி. அதை அவளே ஒத்துக்கொள்வாள். "சிரிப்ப எல்லாம் தங்கச்சி கொண்டுட்டுப் போயிட்டா" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, எங்கள் குடும்பத்தில் அது யாரும் சந்தேகப்படாத உண்மையாகிவிட்டது.

சின்ன வயதில் இரண்டு பேரும் திருச்செந்தூருக்கு நடந்தே வருவதாக நேர்ந்திருக்கிறார்கள். தங்கை போனதும் நேர்ச்சை அப்படியே நின்றுவிட்டது. எழுபதைத் தாண்டிய பிறகு, இந்த வருஷம் அம்மா கிளம்பிவிட்டாள். மூட்டுவலி, சுகர், வெயில் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன்.

"நடக்கப்போறது நான். உனக்கு எதுக்கு மூட்டு வலிக்கி?" என்றாள்.

பிறகு கடைக்கே வந்து உட்கார்ந்து ஆர்டர் கொடுத்தாள். பாதயாத்திரைக்காரர்கள் உடுத்துகிற பச்சை நிறத்தில் முழுக்கைச் சட்டை வேண்டும். உப்பளத்துப் பெண்கள் சேலைக்கு மேலே போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி. நெஞ்சில் தங்கச்சி முகம் இருக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் வாரதாத்தான் நேந்தது. அவளும் வரணும்லா. ஆனா ஆளு அவளா இருக்கணும். பொம்மையப் போட்டுத் தந்துராத."

சுவரில் இருந்த படம் பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிக் கலங்கிப்போனது. அதிலிருந்து அச்சு எடுத்தால் முகம் மணல்மணலாக வரும். சின்ன மூலப்படம் மாப்பிள்ளையூரணியில் மாமா வீட்டில் இருந்தது. மாமா அம்மாவின் தம்பி. அம்மாவைப் பெற்ற ஆச்சி இறந்த பிறகு, டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தப் படத்தைக் கண்டெடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்துச் சித்தியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாட்டியவர் அவர்தான்.

மூலப்படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பெண்களும் ஒரே மாதிரித் தாவணியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி சிரிக்கிறாள். இன்னொருத்தி படம் எடுப்பவரை முறைக்கிறாள். முகங்கள் புளியங்கொட்டை அளவுதான். மேலே முழுக்கப் பூசணம். உப்புக்காற்று இந்த ஊரில் இரும்பையே விட்டுவைக்காது.

முதலில் ஒரு ஆப்பில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு தட்டுத் தட்டினால் பழைய படம் புதிதாகிவிடும் என்று விளம்பரம். புதிதாகத்தான் ஆனது. இரண்டு பேரும் டிவி சீரியல் மருமகள்கள் மாதிரி உதட்டுச்சாயத்தோடு நின்றார்கள். அம்மாவிடம் காட்டினேன்.

"இவளுவ யாரு? நம்ம சொந்தத்துல இப்படி ஒருத்தியும் கெடயாதே" என்றாள்.

கையால்தான் துடைப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். படத்தை ஸ்கேன் செய்து, திரை முழுக்க ஒரு முகம் வரும்படி பெரிதாக்கினேன். பூசணப் புள்ளிமேல் கர்சரை வைத்து அழுத்தினால், பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து அந்த இடம் மூடிக்கொள்ளும். ஆனால் அதற்குப் பூசணம் எது, ஆள் எது என்று தெரியாது. அவசரப்பட்டால் கண்ணுக்குள் இருக்கிற வெளிச்சத்தையும் அழுக்கு என்று துடைத்துவிடும். சிரிக்கிற முகத்தில் நெற்றி, மூக்கு, கன்னம் என்று துடைத்துக்கொண்டே தாடைக்கு வந்தேன். இடது தாடையில், காதுக்குச் சற்றுக் கீழே ஒரு கரும்புள்ளி. கர்சரை அதன்மேல் வைத்தேன். அழுத்த முடியவில்லை.

அந்த இடம் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு அதைத்தான் திருகிக்கொண்டிருப்பேன். அது அம்மாவின் மச்சம். சித்திக்கு மச்சம் கிடையாது. ஆச்சி இரண்டு பேரையும் அடையாளம் கண்டதே அதை வைத்துத்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பூசணமாகவே இருந்துவிடட்டும் என்று நினைத்துக்கொண்டு, மூலப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பூசணம் காகிதத்தின் மேலே உட்கார்ந்திருக்கும். சாய்த்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு செத்துத் தெரியும். இந்தப் புள்ளிமேல் பளபளப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. புள்ளி படத்துக்குள்ளேயே இருந்தது. படம் இடவலம் மாறியிருக்குமோ என்றும் பார்த்தேன். தாவணி இரண்டு பேருக்கும் முறைப்படி இடது தோளில்தான் கிடந்தது, படம் நேராகத்தான் இருந்தது. முறைக்கிறவளின் தாடையில் பூசணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்படியென்றால் சிரிப்பது அம்மா. முறைப்பது சித்தி. முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மா தன் படத்துக்குத் தானே மாலை போட்டு விளக்கேற்றியிருக்கிறாள்.

மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"சின்னக்கா எப்பவும் சிரிச்சுக்கிட்டே கெடப்பா. அதான் சிரிக்கவள வெட்டி எடுக்கச் சொன்னேன்" என்றார். "பெரியக்காவும் ஒண்ணும் சொல்லலயே."

அம்மா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். கலங்கிய சுவர்ப்படத்தில் மச்சமும் அழுக்கோடு அழுக்காகத்தான் தெரிந்திருக்கும். சிரிப்பது தானாக இருக்க முடியாது என்பதில் அவளுக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

"ஏளா, இத அவட்ட சொல்லாத" என்றார் மாமா. "உசுரோட இருக்கவளுக்கு மால போட்டுருக்கோம். கேட்டா தாங்க மாட்டா. அந்தப் படத்தையே சட்டையில போட்டுக் குடுத்துரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா மாமா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர பயமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, ஆளு அவளாக இருக்க வேண்டும் என்பது. நெஞ்சில் வேறு முகத்தைப் போட்டு அவளை அவ்வளவு தூரம் நடக்கவிட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அம்மா படத்தை வாங்கி, என்னைப் போலவே வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தாடையைத் தடவிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய்ச் சுவர்ப்படத்தின் மாலையைக் கழற்றினாள்.

"எனக்கு நானே வெளக்கேத்தியிருக்கேன். அதான் எமன் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல" என்றாள். அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது. "அவ இத்தன வருசமும் பூ இல்லாம இருந்திருக்காளே, ஏளா."

மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இப்படியா சிரிச்சேன்?"

நானும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒருத்தியைச் சிரித்தவள் என்றும் ஒருத்தியைச் சிடுமூஞ்சி என்றும் வீட்டில் முடிவுகட்டிவிட்டால், படத்தைக்கூட அதற்குத் தகுந்தாற்போலத்தான் வெட்டுவார்கள்.

மறுநாள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சித்தியின் முகம்தான் அதிகம் கெட்டிருந்தது. வலது கண்மேல் பெரிய பூசணத் திட்டு. இரட்டையர்கள்தானே என்று சிரிக்கிற முகத்திலிருந்து கண்ணை வெட்டி ஒட்டினேன். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

"அது யாரு கண்ணு?" என்றாள் அம்மா.

"உன் கண்ணுதாம்மா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான?"

"எடு. இத்தன வருசம் எம் மூஞ்சிய அவளுக்குக் குடுத்தது போதும். அவகிட்ட என்ன இருக்கோ அத வச்சுச் செய்யி."

எடுத்தேன். திட்டுக்கு நடுவே இமையின் கோடு ஒன்றும் கருவிழியின் ஓரமும் மீந்திருந்தன. அவற்றைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் துடைத்துக்கொண்டு வந்தேன். கண் எரிந்தது, தோள் இறுகியது. இடையில் வந்த ஜெர்சிக்காரர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். கடைசியில் ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் புகைக்குள்ளிருந்தும் பார்த்தது. அதற்கு மேல் போனால் நான் கற்பனை செய்ததாகிவிடும், அதனால் நிறுத்திவிட்டேன். முறைப்பு மட்டும் முழுசாக இருந்தது.

"இவதான்" என்றாள் அம்மா.

அச்சுத்தாளில் முகத்தை இடவலம் திருப்பி எடுத்து, சட்டைமேல் கவிழ்த்து வைத்து, சூட்டில் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸை இறக்கினேன். ஆறியதும் தாளை உரித்தேன். சித்தி பச்சைச் சட்டையில் வந்து நின்றாள்.

திருச்செந்தூருக்கு நானும் கூடவே நடந்தேன். பழையகாயலுக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் அம்மாவின் சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆச்சி, இது சின்ன வயசுல நீங்களா? அச்சு அசலா இருக்கே."

அம்மா மோரைக் குடித்துமுடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லம்மா, இது எந்தங்கச்சி. நான் சிரிச்ச மொகம்லா."

முறைத்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.