ஆயிரத்து நானூறு ரூபாய் லாபம்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரம் செய்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பில் எவ்வளவு வந்தாலும் வாலை நறுக்கிவிட்டுத்தான் பணம் கொடுப்போம். நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்று இருபது என்றால் நாற்பத்தெட்டாயிரத்தை வைத்துவிட்டு, "ரவுண்டா முடிச்சிக்கலாம்" என்போம். எதிராளியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். வாலோடு கேட்கிறவனுக்குக் கஞ்சன் என்று பேர். இருபது வருடம் இப்படியே பிழைத்தவனுக்கு பேங்கும் ஒரு மண்டியாகத் தெரிந்ததில் என்ன அதிசயம்?

என் மனைவி இதற்கு நேர் எதிர். மகளிர் குழுக் கடனைத் தவணைக்கு முதல் நாளே கட்டிவிடுவாள். மூன்று ரூபாய் வட்டி என்றாலும் அந்த மூன்று ரூபாயையும் எண்ணி வைப்பாள். ஊரில் சில்லறைத் தட்டுப்பாடே உன்னால்தான் தீருகிறது என்று கிண்டல் செய்வேன்.

ஒரு வருடம் மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் மழை கொட்டியது. ஒலக்கூர்ப் பக்கம் நான் முன்பணம் கொடுத்திருந்த காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. விழுப்புரத்தில் ஒரு பேங்கில் வாங்கியிருந்த லோடு ஆட்டோ கடனும் கடைக் கடனும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன. அங்கே கடன் ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் இரண்டையும் ஒன்றாக்கி, சின்னத் தவணைகளாக மூன்று வருடத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். எதையும் மறைக்கவும் இல்லை.

"தவணையக் கொறைச்சதும் ரெக்கார்டுல ஏறும் சார், கடன் ஸ்கோர் எறங்கும். அதுக்குப் பயப்படாம கட்டிக்கினே வாங்க. முழுசா கட்டி முடிச்சா மெதுவா சரியாயிடும். அந்த முழுசாதான் முக்கியம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மூன்று வருடம் ஒழுங்காகத்தான் கட்டினேன். கடைசியில் பதினோராயிரத்து நானூறு நின்றது. கை சும்மா இருக்குமா? பத்தாயிரத்தைக் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்து, மண்டி வசனத்தை எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுங்கள், ஆனால் குறைத்து வாங்கி முடித்ததாகத்தான் பதிவாகும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆயிரத்து நானூறு லாபம். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனேன்.

அடுத்த வருடம் மகளுக்குப் புதுச்சேரியில் நர்சிங் சீட் கிடைத்தது. பத்து நாளில் பீஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும். கல்விக் கடன் கேட்டு திண்டிவனத்தில் ஒரு பேங்குக்கு மூன்று பேரும் போனோம். அதிகாரி என் ரெக்கார்டைத் திறந்து, கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். குறைந்த தவணைகளை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி வரியில்தான் விரலை வைத்தார். கடன் முழுதாகக் கட்டப்படவில்லை, குறைத்து செட்டில் செய்யப்பட்டது என்று இருந்தது. அந்த வரி பல வருடம் அங்கேயே இருக்குமாம்.

"அந்தப் பிரியாணி வாங்கியாந்த அன்னிக்காப்பா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

நான் நறுக்கிய வாலில் என் பெண்ணின் படிப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி அடுத்து மனைவியின் ரெக்கார்டைப் பார்த்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை.

"அம்மா பேர சேத்துப் போடலாம் சார். ஆனா நீங்க அந்த பாக்கியக் கட்டிட்டு, விழுப்புரத்துல பாக்கி இல்லன்னு லெட்டர் வாங்கிக்கினு வந்துடுங்க. அது இல்லாம மேல அனுப்ப முடியாது."

மனைவி கையெழுத்துப் போட வசதியாக என்னை எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போகச் சொன்னார் அதிகாரி. போனேன்.

மறுநாள் மகளும் என்னோடு விழுப்புரத்துக்குக் கிளம்பினாள். துணைக்கு என்றுதான் நினைத்தேன். கவுண்டரில் சார்ஜ் சேர்த்து ஆயிரத்து நானூற்றுப் பதினேழு என்றார்கள். ஆயிரத்து நானூற்றை எடுத்து வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாய் தானாகத் திறந்தது. நான் பேசுவதற்குள் மகள் தன் அம்மாவின் சில்லறைப் பர்ஸைத் திறந்து, பதினேழு ரூபாயையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். லெட்டரையும் அவளே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் தரவில்லை.